நீளவாக்கில் கிடந்த கம்பிகள்

"ஏம்ப்பா, அந்த சைக்கிள் மாமா மட்டும் ஏன் ஓரமாப் போகாம நடுரோட்டுல போறாரு?"

ஏழு வயது மகள் இதைக் கேட்டபோது பேருந்து தபால் நிலையத்தைத் தாண்டிப் பாலத்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் இருந்த ஒற்றை இருக்கை அவளுடையது. அம்மாவுக்குத் தையல் ஆலையில் காலை ஷிப்ட். அதனால் தினமும் அப்பாவின் பேருந்திலேயே பள்ளிக்கூடம் போய் இறங்கிக்கொள்வாள். கேள்வி கேட்பது அவள் பிழைப்பு. பதில் சொல்வது தன் கடமை என்று ஓட்டுநரும் வைத்திருந்தார். ஆனால் அன்றைக்கு நான்கு நிமிடம் தாமதம். முன்னால் சைக்கிள்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு சாவகாசமாக மிதித்துக்கொண்டிருந்தார்.

"திமிரு," என்றார் ஓட்டுநர்.

சொன்ன வாய் அதை அடுத்த நிறுத்தத்திலேயே மறந்துவிட்டது. கேட்ட காது மறக்கவில்லை. மறுநாள் அதே இடத்தில் மகள் மறுபடி ஆரம்பித்தாள்.

"பாலம் தாண்டினதும் ஓரமாத்தானேப்பா போறாரு? பாலம் வந்தா திமிரு போயிடுமா?"

"உக்காந்து வா கண்ணு. வண்டி ஓட்டும்போது பேசக்கூடாது."

ஓட்டுநர் கெட்டவர் அல்லர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பதினாறு வருடமாக, காலையில் வண்டியைக் கிளப்புமுன் அரை நிமிடம் கண்ணை மூடிக்கொள்வார். "ஆண்டவனே, இந்த வண்டியில ஏறினவங்க எல்லாரும் ஏறினபடியே இறங்கணும்" என்பதுதான் அவருடைய பிரார்த்தனை. தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை. வயதானவர்கள் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்தால் நிறுத்துவார். பிரேக்கைப் பூப்போல மிதிப்பார். ஆனால் தன் பிரார்த்தனையில் ஏறினவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள், வண்டிக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு அதில் இடமில்லை என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்தச் சைக்கிள்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒல்லி மனிதர். வெள்ளைச் சட்டை. கால்சட்டை நுனியை, அது சங்கிலியில் மாட்டாமலிருக்க, துணி கிளிப் ஒன்று கடித்துக்கொண்டிருக்கும். பின்னால் ஒரு தகரப் பெட்டி. தபால் நிலையத்திலிருந்து பாலம் வரை ஓரத்தை விட்டு ஓர் ஆள் நீளம் தள்ளியேதான் போவார். எத்தனை ஹாரன் அடித்தாலும் அசைய மாட்டார்.

பேருந்தின் நடத்துநருக்கு 'ரேடியோ' என்று பெயர். டிக்கெட் கொடுக்கிற கையை விட வாய்தான் அதிகம் வேலை செய்யும். சைக்கிள்காரரைக் கண்டதும் அவனுக்கு உற்சாகம் பிறந்துவிடும்.

"ரோட்டு மகாராஜா பவனி வர்றாரு! எல்லாரும் எழுந்து நில்லுங்க. ஏற்கனவே நிக்கிறவங்க அப்படியே நில்லுங்க, வேற வழியில்ல!"

பேருந்து சிரிக்கும். "வரி கட்டறது நாம, ரோடு அவனுக்கு" என்று யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு தடவை சிக்னலில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்க நேர்ந்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "ஓரமாப் போனா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றார்.

சைக்கிள்காரர் அண்ணாந்து பார்த்தார். "நீங்க சைக்கிள்ல ஓரமாப் போய்ப் பாருங்களேன்."

"பாத்தியாண்ணே, வாயை!" என்றான் ரேடியோ.

அது பதில்தான் என்று ஓட்டுநருக்குப் புரியவில்லை. எதிர்ப்பேச்சு என்று எடுத்துக்கொண்டார். அன்று முதல் அந்த முதுகைப் பார்த்தாலே அவருக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது.

மழைக்கால ஆரம்பத்தில் ஒருநாள். முந்தின நாள்தான் டிப்போவில் தாமதத்துக்காக எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தார்கள். அன்றும் ஆறு நிமிடம் பின்தங்கியாயிற்று. தபால் நிலையம் தாண்டியதும் அதே வெள்ளைச் சட்டை, அதே சாவகாசம். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அசைவில்லை. மறுபடி அடித்தார். மூன்றாவது தடவை உள்ளங்கையை ஹாரன் மேல் வைத்தவர் எடுக்கவே இல்லை. வண்டியையும் நெருக்கினார். சைக்கிள்காரரின் தோள்கள் இரண்டும் காது வரை தூக்கிப் போட்டன. மனிதர் ஒடுங்கி ஓரத்துக்குப் போனார்.

"அப்படி வா வழிக்கு," என்றார் ஓட்டுநர்.

பேருந்து ஒரு கை இடைவெளியில் அவரைக் கடந்தது. பின்னால் இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தால் சைக்கிள் தலைகீழாக நின்றது. பிறகு சாய்ந்தது.

ஓட்டுநர் வண்டியைச் சட்டென்று நிறுத்தி, குதித்து ஓடினார். சைக்கிள்காரர் வலது கையை மடியில் போட்டுக்கொண்டு சாலையில் உட்கார்ந்திருந்தார். தகரப் பெட்டி திறந்து கிடந்தது. அதிலிருந்து சிதறியவற்றைப் பார்த்து இறங்கி வந்தவர்கள் எல்லோரும் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டார்கள். பற்கள். இளஞ்சிவப்பு ஈறுகளோடு முழுசு முழுசாகப் பல்செட்டுகள். ஈரத் தாரில் வாய் மட்டும் தனியாகச் சிரிப்பது போல அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன.

"ரோடே சிரிக்குதுடா..." என்று ஆரம்பித்த ரேடியோ, சைக்கிள்காரரின் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கிக்கொண்டான்.

யாரும் பார்க்காதபோது மகளும் இறங்கி வந்திருந்தாள். குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கைக்குட்டையில் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். "இதெல்லாம் யாருதுப்பா?" என்று கேட்டாள். ஓட்டுநர் சைக்கிள்காரரைத் தோளில் தாங்கி எழுப்பினார்.

பேருந்து வழித்தடத்தை விட்டு விலகி நேராக மருத்துவமனைக்குப் போனது. அந்த முடிவை ஓட்டுநர்தான் எடுத்தார். முணுமுணுத்தவர்களை ரேடியோ அடக்கினான். போகிற வழியில் சைக்கிள்காரர் வலியோடு வலியாக ஒரு வார்த்தை சொன்னார். "பஸ் என்னைத் தொடல. எழுதிக்கோங்க. மூடிதான்."

என்ன மூடி என்று கேட்கிற நிலையில் யாரும் இல்லை. டிப்போவில் கொடுத்த அறிக்கையில் 'வாகனம் தொடவில்லை' என்று எழுதினார்கள். பதினொரு பயணிகள் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாம் உண்மை. மேலதிகாரிகூட, "நல்ல காரியம் பண்ணினே, ஆஸ்பத்திரில கொண்டுபோய்ச் சேர்த்தே" என்று முதுகில் தட்டினார். அந்தத் தட்டு அவருக்கு அடி போல விழுந்தது.

சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் அவள் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"வண்டி தொடவே இல்ல, தெரியுமா?"

"மூணாவது தடவையாச் சொல்றீங்க," என்றாள் மனைவி. "யாரும் கேக்கலையே."

 மனைவி சட்டையின் கையை மடித்து, அடுத்ததை எடுத்தாள். "வியாழக்கிழமை உங்களுக்கு லீவுதானே? போய்ப் பாத்துட்டு வாங்க. பாப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. பள்ளிக்கூடத்துல கேட்டுக்கலாம்."

மருத்துவமனையில் விலாசம் வாங்கிக்கொண்டு அப்பாவும் மகளும் போனார்கள். ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் ஒற்றை அறை. உள்ளே நுழைந்ததும் சுண்ண மாவு வாசனை. அலமாரி முழுக்க வெள்ளைத் தாடைகள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய துண்டுச் சீட்டு. மேசையில் சின்ன எரிவாயு அடுப்பு, ரோஸ் நிற மெழுகு, பிடி தேய்ந்த கத்திகள். பல்மருத்துவர்கள் வாயின் அச்சை எடுத்து அனுப்புவார்கள். அதற்கேற்ற பல்லை இந்த மனிதர் இங்கே உட்கார்ந்து செய்வார். வலது கை மாவுக்கட்டில் கிடக்க, இடது கையால் மெழுகைச் சுரண்டிப் பார்த்துச் சலித்துப்போய் வைத்த அடையாளம் மேசையில் இருந்தது.

"அடடே, டிரைவர் சாரா! வாங்க, வாங்க. அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க, மெழுகு இருக்கு." பல்செட்காரர் ஒற்றைக் கையால் நாற்காலியை இழுத்துப் போட்டார். "அன்னிக்கு நீங்க நிறுத்தலேன்னா நான் அங்கேயே கிடந்திருப்பேன். எத்தனை பேர் நிறுத்துவாங்க இந்தக் காலத்துல?"

நன்றி கேட்கக் கேட்க ஓட்டுநருக்கு முள்ளின் மேல் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. "கை எப்படி இருக்கு சார்?" என்று மட்டும் கேட்டார்.

"எலும்பு கூடிடுமாம். விரல்லதான் உணர்ச்சி இல்ல. அதுவரைக்கும் பல்செட்டுக்குக் காத்திருக்கற பதினோரு பேர் எல்லாத்தையும் கரைச்சுக் குடிச்சிட்டிருக்காங்க, என் புண்ணியத்துல. நேத்து ஒரு அம்மா போன் பண்ணித் திட்டினாங்க. பல்லு இல்லாததால பாதித் திட்டு எனக்குப் புரியல, தப்பிச்சேன்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பின் இடையில் மகள் சபையில் பேசுவது போலத் தெளிவாகக் கேட்டாள்.

"மாமா, உங்களுக்குத் திமிரு இருக்காமே? அப்பா சொன்னாங்க. பாலம் வரைக்கும்தான் இருக்குமா?"

 ஓட்டுநருக்குத் தரை பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. பல்செட்காரர் மகளைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"இருக்கும்மா," என்றார் மெதுவாக. கட்டுக்கு வெளியே நீட்டியிருந்த விரல்களைக் காட்டினார். "இப்ப இங்க வந்து உக்காந்திருக்கு. மரத்துப் போறதுக்கும் அதான் பேரு. முன்னாடி எங்க இருந்துச்சுன்னு உங்க அப்பாதான் சொல்லணும்."

பிறகு சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து மேசையில் வைத்தார். பல்லை மெருகேற்றுகிற சின்னச் சக்கரம் ஒன்றை எடுத்துச் சீப்பின் பற்களுக்கு நெடுக உருட்டினார். சக்கரம் இரண்டு பற்களுக்கு நடுவே இறங்கிச் சிக்கிக்கொண்டது. சீப்பைத் திருப்பி வைத்துவிட்டுப் பற்களுக்குக் குறுக்காக உருட்டினார். சக்கரம் 'டகடக' என்று மேலே ஏறிப் போய்விட்டது.

"சீப்புதான் சாக்கடைக் கம்பி மூடி. சக்கரம் என் சைக்கிள். ரோடு புதுசாப் போட்டப்ப எல்லா மூடியையும் பெயர்த்து வச்சாங்க. திருப்பிப் போடறப்ப தபாலாபீஸ்லேர்ந்து பாலம் வரைக்கும் ஏழு மூடியையும் கம்பி ரோட்டுக்கு நீளவாக்குல இருக்கற மாதிரி போட்டுட்டுப் போயிட்டாங்க. சதுர மூடிதானே? எப்படிப் போட்டாலும் உக்காரும். போட்டவன் சைக்கிள்ல வந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். லாரில வந்தான்."

"அதான் நடுவுல போனீங்களா மாமா?"

"அதான் நடுவுல போனேன்."

ஓட்டுநருக்கு அந்தச் சாலை முழுவதும் மனக்கண்ணில் வந்தது. பதினாறு வருடம். அந்த உயரமான இருக்கையிலிருந்து பார்த்தால் அவை வெறும் கறுப்புச் சதுரங்கள். அவற்றில் கம்பி இருப்பதே அவர் கண்ணில் பட்டதில்லை.

"சார்," என்றார்.  "வண்டி தொடலன்னு நீங்க சொன்னீங்க. நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனா அன்னிக்கு வேணும்னேதான் அடிச்சேன். கையை எடுக்கல. நெருக்கினதும் வேணும்னேதான். என்னாலதான் ஓரமாப் போனீங்க."

"தெரியுமே," என்றார் பல்செட்காரர். "காது நல்லாத்தான் கேக்குது எனக்கு."

"மன்னிச்சிடுங்க சார்."

பல்செட்காரர் சீப்பை எடுத்து ஊதிப் பையில் வைத்தார். "மன்னிச்சுட்டேன்னு இப்ப சொன்னா அது வாய்ச்சொல்லு. கை சரியாகட்டும், அப்புறம் சொல்றேன். இன்னும் அஞ்சு வாரத்துல, ஒரு சனிக்கிழமை கட்டை அவிழ்க்கறாங்க. திங்கட்கிழமை பெட்டியை எடுத்துட்டுக் கிளம்பணும், பல்டாக்டருங்க எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம். வேற வழி கிடையாது. கையில பாதிப் பலம்தான் இருக்கும். நடுவுல போனா நீங்க. ஓரமாப் போனா மூடி. அதை நினைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரல."

மாடிப்படி இறங்கும்போது மகள் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ யாருக்குப்பா திமிரு?"

"எனக்குத்தான் கண்ணு," என்றார் ஓட்டுநர்.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் சாலை அலுவலகத்துக்குப் போனார். மனுவைப் படித்த எழுத்தர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நீங்க சைக்கிள்ல போறவரா?"

"இல்லங்க. பஸ் ஓட்டறேன்."

"அப்புறம் உங்களுக்கு இதுல என்ன சார்?"

 எழுத்தர் மனுவில் முத்திரை குத்தி ஒரு கட்டின் மேல் வைத்தார். ஏற்கனவே அந்த மூடிகளைப் பற்றி மூன்று மனு வந்திருப்பதாகவும், வரிசையில் இருப்பதாகவும் சொன்னார். வாரம் ஒருமுறை ஓட்டுநர் போய்க் கேட்டார். வரிசை வரிசையாகவே இருந்தது.

டிப்போவின் ஓய்வறையில் மற்ற ஓட்டுநர்களிடம் சொல்லிப் பார்த்தார். "தபாலாபீஸ் தாண்டி சைக்கிள் நடுவுலதான் வரும். பாலம் வரைக்கும் ஹாரன் அடிக்காதீங்கப்பா."

"என்னடா, கட்சி மாறிட்டியா?" என்றார் ஒருவர். "அடுத்த வாரம் பஸ்ஸை வித்துட்டுப் பெல் வாங்கிடுவான்," என்றார் இன்னொருவர். ஓய்வறை குலுங்கியது. ரேடியோ மட்டும் அன்று சிரிக்கவில்லை. அவன் மகாராஜா கதையை விட்டு ஒரு மாதமாகியிருந்தது. காரணம் கேட்டால் தொண்டை கட்டியிருக்கிறது என்றான்.

ஐந்து வாரம் ஓடியது. சனிக்கிழமை கட்டு அவிழ்த்திருப்பார்கள். திங்கட்கிழமை அந்த மனிதர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். நடுவில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் பாக்கி.

அன்று காலையிலிருந்தே நல்ல மழை. மத்தியானம் ஓட்டுநர் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு எழுந்தார். "ஒரு வேலை இருக்கு," என்றார். மனைவி எங்கே என்று கேட்கவில்லை. தலை துவட்டத் துண்டை எடுத்து வாசல் கொடியில் போட்டுவைத்தாள்.

டிப்போ மெக்கானிக்கின் சைக்கிளையும் ஒரு கடப்பாரையையும் இரவல் கேட்டு வாங்கிக்கொண்டார். சைக்கிள் மிதித்து இருபது வருடம் ஆகியிருந்தது. கடப்பாரையை நீளவாக்கில் கட்டி, தபால் நிலையம் வரை நனைந்துகொண்டே போனார். தான் தினமும் ஓட்டுகிற சாலைதான். ஆனால் இவ்வளவு அகலமான சாலையில் தனக்கென்று ஒரு முழம்கூட இல்லாதது போலத் தோன்றியது. பின்னால் ஏதோ ஒரு கார் ஹாரன் அடித்தது. சின்ன ஹாரன்தான், கோபமும் இல்லை. ஆனாலும் அவருடைய தோள்கள் இரண்டும் தாமாகக் காது வரை ஏறின. கார் தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போய்விட்டது. தோள்கள் இறங்க வெகுநேரம் ஆயிற்று.

மழையில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. கடைகள் திறக்கவில்லை, நடமாட்டம் இல்லை, சன்னல்கள் எல்லாம் அடைத்திருந்தன. முதல் மூடியின் விளிம்பில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். கனமான இரும்பு, மண்ணைக் கடித்துக்கொண்டு எழுந்தது. பக்கவாட்டில் இழுத்து, கால் சுற்று திருப்பி, மெல்ல விட்டார். சதுரம் சதுரத்தில் உட்கார்ந்துகொண்டது. இவ்வளவுதான். இந்தக் கால் சுற்றுக்குத்தான் நான்கு மனு, ஒரு மனிதனின் வலது கை, பதினோரு பேரின் வாய்.

ஒவ்வொன்றாக ஆறு மூடிகள். உள்ளங்கை தோலுரிந்தது. ஹாரனை அழுத்தின அதே கை. ஏழாவது மூடி, அந்த மனிதர் விழுந்த இடத்து மூடி, அசையவில்லை. தார் வழிந்து அதன் ஒரு மூலையைப் பிடித்திருந்தது. நெம்பினார், வழுக்கியது. மறுபடி நெம்பினார். மூச்சு வாங்க அங்கேயே தண்ணீரில் மண்டியிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தபோது வழக்கமான அரை நிமிடம் அவரை அறியாமலே வந்தது. கண்ணை மூடினார்.

"ஆண்டவனே, ஏறினவங்க எல்லாரும் ஏறினபடியே இறங்கணும்," என்றார். சற்று நிறுத்தினார். மழை அவர் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. "ஏறாதவங்களும் அவங்கவங்க வீடு போய்ச் சேரணும்."

கண்ணைத் திறந்து, கடப்பாரையின் முனையால் தாரைக் கொத்திக் கொத்தி உடைத்தார். கடைசியில் மூடி எழுந்தது. கீழே மழைத்தண்ணீர் இருட்டில் ஓடுகிற சத்தம் கேட்டது. திருப்பி வைத்தார். ஒரு பக்கம் ஆடியது. அடியில் கிடந்த கல்லைக் கைவிட்டு எடுத்து எறிந்துவிட்டு மறுபடி வைத்தார். இப்போது ஆடவில்லை.

எழுந்து சைக்கிளைத் தபால் நிலையம் வரை தள்ளிக்கொண்டு போய்த் திருப்பினார். ஏறி, ஓரத்தோடு ஓரமாக, ஒவ்வொரு மூடியின் மேலும் வேண்டுமென்றே ஏற்றினார். ஏழாவதை நெருங்கும்போதும் பிரேக்கைப் பிடிக்காமல் விட்டார். சக்கரம் கம்பிகளின் மேல் 'டகடக' என்று ஏறி இறங்கி, மறுபக்கம் ஈரத் தாரில் ஓசையில்லாமல் உருண்டது.

ஓட்டுநர் திரும்பிப் பார்க்கவில்லை. பாலத்துக்குப் பக்கத்திலிருந்த தெருக்குழாயில் கையைக் கழுவிக்கொண்டு, கடப்பாரையைத் திருப்பிக் கொடுப்பதற்காக டிப்போவை நோக்கி மிதித்தார்.